குழாயில் பிடித்த குளிர்

பஸ் ஜன்னலை மூடறதுன்னா மூடிக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. குளிரு எனக்குப் பழக்கம். பழக்கம்னா என்ன, அதை வெச்சுத்தான் நான் பொழச்சேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

இருங்க, இந்த வளைவு திரும்பினதும் இடது கைப்பக்கம் மேட்டுல பாருங்க. ஒரு கண்ணாடிக் கட்டடம். தெரியுதுங்களா? ஓட்டல் இல்லைங்க. எல்லாரும் ஓட்டல்னுதான் கேக்கறாங்க. ஆபீஸ் அது. அஞ்சு மாடி. மொட்டை மாடியில பச்சையா ஒரு தொட்டி மாதிரி நிக்குதே, மேல ஆவி பறக்குது பாருங்க, அதுதான் கூலிங் டவரு. அதுல கதை இருக்குது.

ஆமாங்க, ஏசிதான். ஊட்டியில ஏசிதான். நீங்களும் இப்ப சிரிச்சீங்க பாருங்க. எல்லாரும் அங்கதான் சிரிப்பாங்க. கட்டினவரு கோயமுத்தூர் முதலாளி. படம் போட்டுக் குடுத்தவரு மெட்ராஸ்காரரு. அந்த மனுசன் ஊட்டிக்கு மே மாசம் குடும்பத்தோட ஒருக்கா வந்து போட்டிங் போயிட்டு இறங்கியிருப்பாரு போல. நாலு பக்கமும் கண்ணாடி வெச்சுட்டாரு. எங்க உக்காந்தாலும் மலை தெரியணுமாம். தெரியுது. ஆனா ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. எல்லாம் ஒட்டின கண்ணாடி.

உள்ள என்ன நடக்குதுன்னா, வெளிநாட்டு டாக்டருங்க பேசி அனுப்பறதைக் காதுல கேட்டு டைப் அடிக்கிற கம்பெனி. கேத்தி, லவ்டேல், மஞ்சூர் பக்கத்துப் புள்ளைங்கதான் முக்காவாசி. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கம்ப்யூட்டர். கீழ ஒரு ரூம் முழுக்க சர்வரு. வெயிலு கண்ணாடி வழியா உள்ள வரும், வெளிய போகாது. மனுசச் சூடு, மெஷின் சூடு, எல்லாம் உள்ளயே கெடக்கும். காலைல பார்த்தா புல்லு மேல பனி வெள்ளையா இருக்கும். புள்ளைங்க குல்லாவும் கையுறையுமா வரும். உள்ள வந்து கொஞ்ச நேரத்துல ஸ்வெட்டரைக் கழட்டி நாற்காலில போட்டுட்டு, "வேணி மேடம், வேகுது, ஏசி போடுங்க"ம்பாங்க.

வேணி மேடம் நான்தான். கமலவேணி. அந்தக் கட்டடத்துக்கு பிளான்ட் இன்சார்ஜ். பாலிடெக்னிக்குல மெக்கானிக்கல் படிச்சேன், என் வகுப்புல பொம்பளை நான் ஒருத்திதான். அதனால என்னைப் பார்த்து யாராவது சிரிச்சா எனக்குச் சட்டுனு புரிஞ்சுரும், விஷயத்துக்குச் சிரிக்கறாங்களா, ஆளுக்குச் சிரிக்கறாங்களான்னு.

நான் போட்ட சண்டை என்னன்னா ரொம்பச் சின்ன விஷயம். சொல்றேன், உங்களுக்கே புரியும்.

கீழ ஒரு பெரிய மெஷின் இருக்குது, சில்லர். அதுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுது. ஒரு பக்கத்துத் தண்ணி சில்லுனு ஆகி ஒவ்வொரு மாடிக்கும் ஏறிப் போகும். அங்க ஒரு பெரிய காத்துப் பெட்டி. அதுக்குள்ள காயில், மெல்லிசுக் குழாயா வளைச்சு வளைச்சு வெச்சிருப்பாங்க. அதுல தண்ணி ஓடும், மேல காத்தை ஊதுவோம், ரூம் குளுந்துரும். இன்னொரு பக்கத்துத் தண்ணி அந்தச் சூட்டை வாங்கிட்டு மொட்டை மாடி டவருக்குப் போய், மழை மாதிரி கொட்டி, காத்துல ஆறித் திரும்பி வரும். நடுவுல அந்த மெஷின் கரண்ட்டைக் குடிச்சுக்கிட்டு உறுமிக்கிட்டே இருக்கும். அது ஓடினா தரையே அதிரும்.

ஒரு டிசம்பர் மாசம் டவருத் தண்ணியில கையை விட்டேங்க. விரல் மரத்துப் போச்சு. அப்புறம் மாடிக்குப் போற குழாயைத் தொட்டேன். ரெண்டும் ஒரே சில்லுப்பு! தெர்மாமீட்டர் வெச்சும் பார்த்தேன். டவருத் தண்ணி ஒரு பொட்டுக் கூடவே சில்லுனு இருந்தது. அப்ப நடுவுல இந்த மெஷின் எதுக்குங்க? ஊரே ஃபிரிட்ஜா கெடக்குது, அதுக்குள்ள நாம ஒரு ஃபிரிட்ஜை ஓட்டிக்கிட்டு இருக்கோம்! மெஷினை நிறுத்து, டவருத் தண்ணியையே மாடிக்கு அனுப்பு. ரெண்டு பம்பு ஓடும், டவரு ஃபேன் ஓடும், அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?

என்ன கேக்கறீங்க? கண்ணாடியை வெட்டி ஜன்னல் வெச்சிருக்கலாமா? கேட்டோமே. ஒண்ணை வெட்டினா மொத்தச் சுவரும் ஆட்டம் கண்டுரும்னுட்டாங்க கண்ணாடிக் கம்பெனிக்காரங்க. அதுவுமில்லாம, மேகம் உள்ள வந்தா கம்ப்யூட்டர் மேலயெல்லாம் தண்ணி முத்து முத்தா நிக்கும். ஜன்னல் கதை வேண்டாம்.

அப்ப என்ன ஆச்சுன்னா, அந்த டைப் அடிக்கிற கம்பெனிக்காரங்க, கரண்ட் பில்லு கட்டி மாளலை, நாங்க கோயமுத்தூருக்கே போயிடறோம்னு பேச ஆரம்பிச்சாங்க. கோயமுத்தூர் கட்டடத்துக்கு இதைவிடக் கம்மியாம். ஏசி செலவுல ஊட்டி கோயமுத்தூரை மிஞ்சுதுன்னா எனக்கு எப்படி இருக்கும்? புள்ளைங்க எல்லாம் பயந்து போச்சு. கேத்தியில இருந்து எந்தப் புள்ளை தினம் மலை இறங்கி ஏறும்? வேலை போனா மறுபடி தேயிலை ஃபேக்டரி, இல்லைன்னா லாட்ஜுல ரிசப்ஷன்.

நான் மீட்டிங்ல எந்திரிச்சுச் சொன்னேன். முதலாளி இருந்தாரு. மேனேஜர் பெனடிக்ட் இருந்தாரு. டை கட்டின ஆளு, எப்பவும் சளி. நான் சொல்லி முடிச்சதும் அவரு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "ஊட்டிக் குளிரைக் குழாயில பிடிக்கப் போறீங்களா மேடம்?"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளியும்தான். அது விஷயத்துக்குச் சிரிச்ச சிரிப்பு இல்லைங்க.

சரி, இவங்க தெரியாதவங்க. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்தாரே, அவரு என்ன சொன்னாருன்னு கேளுங்க. சதானந்தம்னு பேரு. சில்லர் கம்பெனியோட சர்வீஸ் இன்ஜினீயரு, கோயமுத்தூர்க்காரரு. கட்டடம் திறந்ததுல இருந்து அந்தாளுதான் வருவாரு. மழையில மரம் விழுந்து ரோடு அடைச்சாக்கூட, பைக்கைத் தூக்கித் தாண்டி வந்து நிப்பாரு. மத்தியானம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. எங்க வீட்டுக்காரருக்கு அவருன்னா உசுரு. அப்படிப்பட்ட ஆளுக்கிட்ட நான் படத்தை வரைஞ்சு நீட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம், "ஐடியா அருமைங்க மேடம். ஆனா தண்ணியைக் கலக்காதீங்க"ன்னாரு.

"ஏன்?"

"டவருத் தண்ணி திறந்த தண்ணி. தூசி, பூச்சி, பாசி, இலை எல்லாம் விழும். மாடிக்குப் போறது மூடின தண்ணி, சுத்தமா இருக்குது. ரெண்டும் ஒண்ணாச்சுன்னா காயில் அடைச்சுக்கும். நடுவுல ஒரு பிளேட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைங்க. தகடு தகடா அடுக்கியிருக்கும். இந்தப் பக்கம் அந்தத் தண்ணி, அந்தப் பக்கம் இந்தத் தண்ணி. குளிரு மட்டும் தாண்டும், தண்ணி தாண்டாது."

"அதை யாரு வாங்கித் தருவா? முதலாளி ஒரு வால்வு கேட்டாலே மூணு தடவை யோசிப்பாரு."

"அப்ப பொறுங்க."

பொறுக்கணுமாம்! கம்பெனி காலி பண்ணப் போறேங்குது, இவரு பொறுங்கங்கறாரு. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. மெஷின் ஓடலைன்னா சர்வீஸுக்கு ஆளு எதுக்கு? அந்தாளு பொழப்பு அதுல இருக்குது. அப்படித்தான் நான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன், கொஞ்சம்.

பொங்கலுக்கு ஆபீஸ் லீவு. நான் ஜோகியைக் கூப்பிட்டேன். எங்க பிளான்ட் ஆப்பரேட்டரு, கேத்திப் பக்கம் ஒரு ஹட்டிக்காரரு, அதாவது படுகர் கிராமத்துக்காரரு, ரெண்டு புள்ளைங்களுக்கு அப்பா. பேச்சே வராது அவருக்கு. வெல்டர் இஸ்மாயில் வந்தாரு. பழைய குழாய் குடோன்ல கெடந்துச்சு. வால்வு மட்டும் நான் வாங்கினேன். டவருல இருந்து வர்ற குழாயையும் மாடிக்குப் போற குழாயையும் சேர்த்தோம். நடுவுல ஒரு பெரிய ஸ்ட்ரைனர், சல்லடை மாதிரி. அந்தாளு தூசி தூசின்னு பயமுறுத்தினாருல்ல, அதுக்குத்தான். சல்லடை இருக்கறப்போ தகடு எதுக்குங்க?

எல்லாம் முடிச்சு, மெஷினை நிறுத்தி, வால்வைத் திறந்தேன். அந்தச் சத்தம் நின்னுச்சு பாருங்க! அத்தனை வருஷம் அந்த உறுமலுக்குள்ளயே வேலை பார்த்துட்டு, திடீர்னு நின்னதும் எனக்குக் காது அடைச்சுக்கிச்சோன்னு சந்தேகம். வெளிய குருவி கத்துறது கேட்டுச்சு. ஜோகி என்னைப் பார்த்து, "அம்மா, தண்ணி ஓடுற சத்தம் கேக்குது"ன்னாரு. அந்த மனுசன் ஒரு வாரத்துக்குப் பேசற பேச்சு அது.

லீவு முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. நான் வாயே திறக்கலை. பெனடிக்ட் வந்தாரு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "இன்னிக்கு ஏசி நல்லா இருக்குதே மேடம், என்ன பண்ணினீங்க?"ன்னாரு.

"குழாயில பிடிச்சுட்டேன் சார்."

அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே நீங்க! செவந்து, வெளுத்து, மறுபடி செவந்து. ஆனா நிறுத்தச் சொல்லலைங்க. கரண்ட் பில்லு வந்தது, பாதிக்கும் கீழ இறங்கியிருந்தது. அதை எடுத்துக்கிட்டு முதலாளிகிட்டப் போயி, "நிர்வாகத்துல சில மாற்றம் பண்ணினேன்"னு சொல்லியிருக்காரு. நிர்வாகத்துலயாம்! போகட்டும். எனக்குப் பேரு வேண்டாம், மெஷின் நிக்கணும். அப்படித்தான் இருந்தேன். எந்த நேரமும் முடியும்னு நான் சொல்லலைங்க. ஏப்ரல் மத்தியானத்துல மெஷின் வேணும். மழைக்காலத்துல ஈரக்காத்து, டவரு பாதிதான் ஆத்தும். அதையெல்லாம் நான் இல்லைங்கலை. பனிக்காலம் முழுக்கவும், மத்த மாசத்துல காலையும் ராத்திரியும் வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்டது.

சல்லடையை மட்டும் கழுவணும். ஜோகிதான் கழுவுவாரு. முதல்ல ஷிஃப்டுக்கு ஒரு தடவை, அப்புறம் ரெண்டு தடவை, அப்புறம் கழட்டி மாட்டறதே வேலையாப் போச்சு. பனித்தண்ணியில கையை விட்டு விட்டு அவருக்கு விரலெல்லாம் வெடிச்சுருச்சு. எங்க வீட்டுக்காரரு பார்த்துட்டு, "என்ன வேணி இது, அவரு கையப் பாரு"ன்னாரு. நான் தேங்காய் எண்ணெய் குடுத்தேன். பிளான்ட்ல வேலைன்னா கை வெடிக்கத்தான் செய்யும், என் கையும்தான் வெடிச்சுது. ஜோகி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லலை. கஷ்டமா இருந்தா சொல்லியிருப்பாருல்ல?

அப்புறம் பிப்ரவரி. கட்டடத்துக்குப் பின்னாடி வரிசையா சைப்ரஸ் மரம் நிக்குது. அது பூத்துச்சு. பூன்னா பூ இல்லைங்க, மஞ்சப் பொடி. காத்தடிச்சா புகை மாதிரி பறக்கும். கார் மேல, துணி மேல, எங்க பார்த்தாலும் மஞ்சள். அந்தப் பொடி டவருல விழுந்தது. சல்லடைக் கண்ணைவிடச் சின்னப் பொடிங்க அது. அந்த வருஷம் மாதிரி அது எந்த வருஷமும் பூத்ததில்லை, யாரை வேணா கேளுங்க. மரம் அப்படிப் பூக்கும்னு நான் கனவா கண்டேன்?

நான் என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்கியிருந்தேன். போன் வந்தது. மூணாவது மாடி வேகுது, நாலாவது மாடி வேகுது, ஒண்ணும் புரியலைன்னாங்க. நான் பஸ் பிடிச்சு மேல வர்றதுக்குள்ள சர்வரு ரூம் சூடேறி எல்லாம் அணைஞ்சு போச்சு. புள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்க வெளிநாட்டுல டாக்டருங்க பேசிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க, இங்க அடிக்க ஆளில்லை.

காயில் எல்லாம் அடைச்சுப் போச்சுங்க. திறந்து பார்த்தா மஞ்சச் சேறு, களி மாதிரி. மெஷினைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணி போனாத்தானே?

சதானந்தம் வந்தாரு. யாரு கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் கூப்பிடலை. அப்புறம் தெரிஞ்சுது, எங்க வீட்டுக்காரரு. ரெண்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, மாடி மாடியா காயிலைக் கழட்டி, மருந்து ஊத்தி, தண்ணி அடிச்சு, ஈரச் சட்டையோட மறுநாள் சாயந்திரம் வரைக்கும் வேலை பார்த்தாரு. பில்லு போடலைன்னு பெனடிக்ட் சொன்னாரு. போட வேண்டியதுதானே? நானா வேண்டாம்னேன்?

வேலை முடியற நேரத்துக்கு முதலாளி வந்துட்டாரு. பிளான்ட் ரூம்லயே நின்னுக்கிட்டு அந்த இணைப்புக் குழாயைப் பார்த்தாரு.

"இது யாரு பண்ணினது?"

பெனடிக்ட், "எனக்குத் தெரியாது சார்"னாரு. நிர்வாகத்துல மாற்றம் பண்ணின ஆளு! ஜோகி தரையைப் பார்த்தாரு. நான் முன்னாடி வந்தேன்.

"நான்தான் சார். என் கையாலதான்."

"யாரைக் கேட்டுப் பண்ணினே?"

"உங்களைத்தான் கேட்டேன். மீட்டிங்ல கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

முதலாளி சதானந்தத்துப் பக்கம் திரும்பினாரு. "நீங்க சொல்லுங்க, இது பைத்தியக்காரத்தனம்தானே?"

அந்தாளு கையைத் துணியில துடைச்சாரு. நிதானமா துடைச்சாரு. "இல்லைங்க. மெஷினை நிறுத்தினது சரி. தண்ணியைக் கலந்ததுதான் தப்பு."

நீங்களே சொல்லுங்க. ரெண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தோட நிறுத்தியிருக்கலாமா, கூடாதா? அத்தனை பேரு முன்னாடி, அந்த பெனடிக்ட் முன்னாடி, ரெண்டாவதை எதுக்குச் சொல்லணும்? எங்க வீட்டுச் சோறு சாப்பிட்ட வாய்தானே? மரத்து மேல தப்புன்னு சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பாரு?

முதலாளி, "குழாயைப் பிடுங்கி எறிங்க. நாளையில இருந்து மெஷினை ஓட்டுங்க"ன்னாரு.

"நான் ஓட்ட மாட்டேன்"னேன்.

"என்ன?"

"வெளிய பனி கொட்டும்போது உள்ள மெஷினை ஓட்டுன்னா நான் ஓட்ட மாட்டேன் சார். வேற ஆளைப் போட்டுக்கோங்க." சாவிக் கொத்தை மெஷின் மேலயே வெச்சுட்டு வெளிய வந்துட்டேன். பின்னாடி "மேடம், மேடம்"னு சதானந்தம் கூப்பிட்டாரு. நான் திரும்பலை.

வீட்டுல உக்காந்தேன். எங்க வீட்டுக்காரரு சமாதானம் பேசினாரு. "தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போவியா"ன்னாரு. எது தப்பு? ராத்திரியில அந்த மேட்டுல இருந்து மெஷின் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும். கேக்காதும்பாரு அவரு. எனக்குக் கேட்டுது.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னா, பில்லு மறுபடி பழைய மாதிரி ஏறிச்சு. டைப் கம்பெனிக்காரங்க பெனடிக்ட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நடுவுல ஒரு மாசம் எப்படி இறங்குச்சு? அதையே பண்ணுங்க, நாங்க இங்கயே இருந்துக்கறோம். இல்லைன்னா காலி பண்றோம்"னாங்க. நிர்வாகத்துல மாற்றம் பண்ணின ஆளு மறுபடி பண்ண வேண்டியதுதானே? முடியலை. மூக்கை உறிஞ்சிக்கிட்டு முதலாளிகிட்ட என் பேரைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. சொல்லட்டும்.

ஒரு காலைல எங்க வீட்டு வாசல்ல ஒரு லாரி வந்து நின்னுச்சு. முன்னாடி சீட்டுல இருந்து சதானந்தம் இறங்கினாரு. பின்னாடி தார்ப்பாய் மூடி என்னமோ இருந்தது. ஈரோட்டுப் பக்கம் மூடிப்போன பால் பண்ணையில கெடந்ததாம் அந்த பிளேட்டு. பாலைக் குளிர வைக்கறதுக்கு வெச்சிருந்தது. தேடிப் பிடிச்சு, தகட்டையெல்லாம் கழட்டிக் கழுவி, ரப்பர் மாத்தி, முதலாளியைச் சம்மதிக்க வெச்சு, தானே கூட உக்காந்து மலை ஏத்திக் கொண்டாந்திருக்காரு.

"வேணி மேடம், எங்க வைக்கணும்னு நீங்க சொன்னாத்தான் இறக்குவேன்"னாரு.

செருப்பைப் போட்டேன். நடந்தேன். லாரி எனக்குப் பின்னாடியே மெதுவா வந்தது. பிளான்ட் ரூமுக்குப் போயி, நான் போட்ட இணைப்பு இருந்த இடத்தை விரலால காட்டினேன். அங்கதான் வெச்சாங்க. ஜோகி என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. அவருக்கு இப்ப சல்லடை வாரத்துக்கு ஒரு தடவைதான், கையும் ஆறிப்போச்சு. அதுவும் பிளேட்டுனாலதான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் காதுல வாங்கறதில்லை.

அன்னைக்கு மெஷினை நிறுத்தினது நான்தான். அந்த பட்டனை வேற யாரையும் அமுக்க விடலை. கம்பெனி போகலை. புள்ளைங்க அங்கயேதான் இருக்குது. இன்னிக்கும் பனிக்காலத்துல மெஷினை மூடி வெச்சிருக்கோம். நீங்க பார்த்தீங்களே, ஆவி பறந்துச்சே, அது வெறும் டவரு.

சதானந்தம் என்ன ஆனாருன்னா கேக்கறீங்க? அந்தாளு கம்பெனியில அவரை ஒரு வழி பண்ணிட்டாங்க. நம்ம மெஷினை ஓட்ட வேண்டாம்னு நீயே ஊர் ஊரா பிளேட்டுத் தூக்கிட்டுத் திரியறியான்னு கேட்டு, திருநெல்வேலிப் பக்கம் மாத்திட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான் கெடந்தாரு. பொண்டாட்டி புள்ளைங்க கோயமுத்தூர்ல, இவரு அங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நானா பிளேட்டு கேட்டேன்? நான் சல்லடையே போதும்னு சொன்ன ஆளு.

பேச்சு கிடையாதுங்க. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் பேச்சு கிடையாது. பனி விழ ஆரம்பிச்சா மட்டும் போன் பண்ணுவாரு. முந்தி திருநெல்வேலியில அந்த வேக்காட்டுல, இப்ப கோயமுத்தூர் வீட்டுல உக்காந்துக்கிட்டு, "தண்ணி எவ்வளவு டிகிரிங்க மேடம்?"ம்பாரு. "பன்னெண்டு"ம்பேன், இல்லைன்னா "பதினொண்ணு"ம்பேன். வெச்சிருவேன். அது பேச்சு இல்லை, ரீடிங். எங்க வீட்டுக்காரரு, "நீ ஏன் போனை எடுக்கறதுக்கு முன்னாடியே தெர்மாமீட்டரைப் பார்த்து வெச்சிருக்கே?"ம்பாரு. பிளான்ட் இன்சார்ஜுன்னா பார்க்கத்தானே வேணும்?

இப்ப இந்தப் பயணம் எதுக்குன்னு கேட்டீங்களே. கோயமுத்தூர்ல ஏசி இன்ஜினீயருங்க சங்கம் ஒண்ணு இருக்குது. நாளைக்கு மீட்டிங். மெஷின் ஓட்டாம கட்டடத்தைக் குளிர வைக்கறது எப்படின்னு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அழைப்பிதழ்ல என் பேரு மட்டும். கமலவேணி, ஊட்டி. வேற யாரு பேரும் இல்லை. யாரு சொல்லிப் போட்டாங்கன்னு விசாரிச்சேன். சங்கத்துச் செயலாளரு போன்ல சிரிக்கறாரு. "சதானந்தம் சார்தாங்க. உங்க பேரு மட்டும் போதும்னுட்டாரு"ங்கறாரு.

பார்த்தீங்களா புத்தியை? என்னைச் சிக்க வைக்கறதுக்குத்தான். அங்க எல்லாம் விஷயம் தெரிஞ்ச ஆளுங்க. நான் பேசி முடிச்சதும் எவனாவது எந்திரிச்சுக் கேப்பான், "பிளேட்டு யாரோட யோசனை மேடம்?"னு. நான் சொல்ல மாட்டேங்க. சைப்ரஸ் பூத்ததைச் சொல்லுவேன், மெஷினை நிறுத்தினதைச் சொல்லுவேன், பெனடிக்ட் சிரிச்சதைக்கூடச் சொல்லுவேன். இதைச் சொல்ல மாட்டேன். அந்தாளுக்கு வாய் இருக்குதுல்ல? எந்திரிச்சு, "அது நான்தான்"னு அவரே சொல்லிக்கட்டும். அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி என்னைத் தப்புன்னு சொல்ல வாய் வந்துச்சுல்ல?

சொல்ல மாட்டாருங்க. அதுதான் எனக்கு எரிச்சல். கடைசி வரிசையில உக்காந்து எல்லாரையும்விடச் சத்தமா கை தட்டுவாரு.

அட, பேச்சு சுவாரசியத்துல கோயமுத்தூரே வந்துருச்சு. மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டு. நீங்க எங்க இறங்கணும், இங்கதானே? என்ன வேக்காடு பாருங்க இங்க, இந்தச் சால்வையை மடிச்சு வெச்சுக்கறேன். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. வெயிட்டா இருக்கும், பார்த்து. வர்க்கி ரெண்டு பாக்கெட்டு, தேயிலை. யாருக்கா? சங்கத்து ஆளுங்களுக்குத்தான். வெறுங்கையோட போக முடியுமா?

கொஞ்சம் குனியுங்க. குனியுங்கன்னேன்! அங்க, டீக்கடை ஓரமா, வெள்ளைச் சட்டை, நரைச்ச தலை, முன்னாடிப் படியையே பார்த்துக்கிட்டு ஒருத்தரு நிக்கறாரு பாருங்க. அந்தாளுதான். நான் எந்த பஸ்ஸுல வர்றேன்னு ஒருத்தருக்கும் சொல்லலை. எங்க வீட்டுக்காரரு வேலைதான் இது, வேற யாரு?

நான் பின்னாடிப் படியில இறங்கிக்கறேன். நீங்க முன்னாடி போங்க, என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க. அந்தாளு அங்கயே நிக்கட்டும், வெயில்ல நிக்கட்டும்.

என்ன?

என்னங்க சொல்றீங்க, பின்னாடிப் பக்கமா நடந்து வர்றாரா?